நீலக் கயிறு கட்டிய பெட்டிக்கு நான் உரிமை கொண்டாடிய கதை

வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். துபாய் ஏர்போர்ட்டுக்குப் போய், லேட்டாக வந்து சேர்ந்த ஒரு அட்டைப்பெட்டியை வாங்கி வர வேண்டும்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

"வாங்கிட்டு வரேன்னு சொல்லாதே ராஜி. க்ளெய்ம் பண்ணிட்டு வரேன்னு சொல்லு" என்றார் என் கணவர்.

இவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம்ஸ் டிபார்ட்மென்டில் இருக்கிறார். யாராவது, 'என் காரை யாரோ இடித்துவிட்டார்கள்' என்று வந்தால், 'இடித்திருக்க வாய்ப்பில்லை' என்று பதில் அனுப்புவதுதான் உத்தியோகம். வீட்டிலும் அதே டியூட்டி. "தலை வலிக்குதுங்க" என்றால், "எப்பலேர்ந்து? கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்த வலியா?" என்பார்.

"நீ போய், 'எக்ஸ்க்யூஸ் மீ, என் பெட்டி வந்திருக்கா, ப்ளீஸ்'னு நிப்பே. அது ரிக்வெஸ்ட். க்ளெய்ம்னா, 'இது என்னுது, எடு.' அவ்ளோதான். ப்ளீஸ் எல்லாம் கிடையாது."

"'எடுங்க'ன்னு சொல்லலாமாங்க?"

நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நான் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள். 'க்ளெய்ம்' என்ற சொல்லுக்கு அகராதியில் என்னென்ன போட்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோருவது. உரிமை கொண்டாடுவது. ஆதாரம் இல்லாமல் அடித்துச் சொல்வது. வெள்ளமும் விபத்தும் உயிரைக் கொண்டுபோவதற்குக்கூட அதே சொல்தான். எல்லா அர்த்தமும் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட வாழ்க்கையில் செய்து பார்த்ததில்லை. ஹோட்டலில் மசால் தோசை சொல்லி இட்லி வந்தால், இட்லி சாப்பிட்டுவிட்டு 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு வருகிற ஜாதி.

இந்தப் பெட்டி மட்டும் அப்படி விட்டுவிடக்கூடிய பெட்டி இல்லை.

எங்கள் பில்டிங்கில் மேல் மாடியில் சுமதி இருக்கிறாள். நாகர்கோவில்காரி. ஏழாம் மாசம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் அவளுக்கு வளைகாப்பு. அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நான் திருநெல்வேலிக்கு லீவில் போய்விட்டுத் திரும்பும்போது, அந்த அம்மா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கே வந்து என் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பட்டுப்புடவை, அதற்கு நடுவில் கண்ணாடி வளையல்கள்.

"மக்ளே, நான்தான் வர முடியல. நான் வாங்குன வளையலாவது அவ கையில ஏறணும். ஒன்ன நம்பித்தான் தாறேன்" என்றார்கள்.

என்னை நம்பி! அந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கையோடு எடுத்துப்போகிறேன் என்றேன். செக்-இன் கவுண்டரில் "முடியாது" என்றார்கள். "சரி" என்றேன். துபாயில் இறங்கினால் என் சூட்கேஸ் வந்தது. பெட்டி வரவில்லை. வியாழக்கிழமை காலைதான் போன் வந்தது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்ஃப் வாழ் மக்களுக்குத் தெரியும். இங்கிருந்து பால்பவுடர் வந்த அட்டைப்பெட்டியில் சோப்பும் ஷாம்பூவும் போட்டு, நீல நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பேர் எழுதி ஊருக்குக் கொண்டுபோவோம். அதே பெட்டியில் வடகமும் ஊறுகாயும் போட்டு, பழைய பேரை அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். பெட்டிக்கு ஓய்வே கிடையாது. சுமதி அம்மா கொடுத்தது அவள் மாமா சவுதி அல் கோபாரிலிருந்து கொண்டுவந்த பால்பவுடர் பெட்டி. மாமா பேரை மையால் பூசி மறைத்திருந்தார்கள். மூலையில் மங்களகரமாக ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அடையாளம்.

ஏர்போர்ட்டில் பெட்டி கொடுக்கிற கவுண்டரில் ஒரு மலையாளி இளைஞர் இருந்தார்.

"சேச்சி, டேக் எல்லாம் பிய்ஞ்சு போச்சு. உங்க பெட்டியில பேரு என்ன எழுதியிருக்கு?"

"பேரை... அடிச்சிருக்கும்."

"அங்க பாருங்க. எல்லாத்திலயும் அடிச்சிருக்கு."

சுவரோரமாக இரண்டு பால்பவுடர் பெட்டிகள். இரண்டிலும் நீலக் கயிறு. இரண்டிலும் கறுப்பு மை. இடது பக்கப் பெட்டியின் மூலையில், என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, மஞ்சள் பொட்டு.

இதுதான் என்று கையைத் தூக்கினேன். முழுசாகக்கூடத் தூக்கவில்லை. பாதி தூக்கியிருப்பேன்.

"இந்தா, இதான் என்னுது!"

எனக்குப் பின்னாலிருந்து ஒரு அண்ணன் வந்து இடது பக்கப் பெட்டியைத் தூக்கிவிட்டார். நாற்பது வயது இருக்கும். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் துண்டு.

"ஷுவர் ஆணோ?" என்றார் மலையாளி.

"என்ன தம்பி இப்படிக் கேக்க? எம் பொஞ்சாதி கட்டுன கட்டு எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு உறுதி! எவ்வளவு கம்பீரம்! அப்போது என் மூளை என்ன நினைத்தது தெரியுமா? 'இவர் பொஞ்சாதியும் மஞ்சள் பொட்டு வைக்கிற பழக்கம் உள்ளவங்களா இருக்கும்.'

"அண்ணே..." என்றேன்.

"என்னம்மா?"

"டிராலி வேணுமாண்ணே?"

என் டிராலியைக் கொடுத்தேன். பெட்டியை ஏற்றுவதற்கு ஒரு கையும் கொடுத்தேன். "நல்லா இருங்கம்மா" என்று வாழ்த்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

மலையாளி மிச்சமிருந்த பெட்டியைக் காட்டினார். "அப்ப இது சேச்சியோடது?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இல்ல இல்ல. ஆமா."

டாக்ஸி டிரைவர் பெஷாவர்காரர். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே மூக்கைச் சுளித்தார்.

"மேடம், மச்லி ஹை க்யா?"

மீனா? என்னிடமா? எங்கள் வீடு முட்டைக்கே கதவைச் சாத்துகிற வீடு. "நோ நோ பாய். பேங்கிள்ஸ்!" என்றேன்.

அவர் நான்கு ஜன்னல்களையும் இறக்கினார். வெளியே அனல். டாக்ஸிக்காரர் ஏதோ சாப்பிட்டிருக்கிறார், பாவம், சொல்ல வெட்கப்படுகிறார் என்று நான் கரிசனமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சுமதி காத்திருந்தாள். கீழே உட்கார முடியாமல் உட்கார்ந்து, அவளே கயிற்றை அறுத்தாள்.

"எக்கா."

"என்ன?"

"நெத்திலிக் கருவாடு!"

மேலே நெத்திலி. அதற்குக் கீழே சாளை. அதற்கும் கீழே இரண்டு லுங்கி, ஒரு தைல பாட்டில், வேட்டித்துணியில் கட்டிய மசாலாப் பொடி. எவ்வளவு தோண்டியும் வளையல் வரவில்லை.

சுமதி முதலில் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண் நிறைந்துவிட்டது.

"எங்கம்ம வளையல் எங்கக்கா?"

"நாளைக்குள்ள கண்டுபிடிச்சிடலாம் சுமதி" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்தாள். இன்னொரு தடவை மூக்கை உறிஞ்சினாள். இது அழுகை உறிஞ்சல் இல்லை.

"எக்கா... வளையல் நாளைக்கு வரட்டு. இப்ப இதுல கொஞ்சம் பொரிச்சுக்கிடட்டா?"

"அடுத்தவங்க கருவாடு சுமதி!"

"புள்ள கேக்கு எக்கா."

புள்ள கேட்டால் நான் என்ன செய்ய முடியும்? அந்தப் புள்ளைக்குக் க்ளெய்ம் பண்ணத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. என் சமையலறையில், என் தோசைக்கல்லில், அந்த வீட்டின் சரித்திரத்திலேயே முதல் கருவாடு பொரிந்தது.

இவர் ஆபீஸிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "ராஜி, கேஸ் லீக்கா?"

நடந்ததைச் சொன்னேன். சோபாவில் உட்கார்ந்து, ஆபீஸ் முகத்தை மாட்டிக்கொண்டார்.

"பெட்டி உன்னுதுன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"மஞ்சள் பொட்டைப் பாத்தே?"

"பாத்தேன்."

"பாத்துட்டு டிராலி குடுத்தே?"

"அவர் ரொம்ப உறுதியாச் சொன்னாருங்க."

"ஒரு நாளைக்கு என்கிட்ட பத்துப் பேர் உறுதியாத்தான் சொல்றான். நான் அவனுக்கெல்லாம் டிராலியா குடுக்கறேன்?"

அந்த நேரத்தில் என் மொபைல் அடித்தது. புது நம்பர். பின்னணியில் ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம்.

"யம்மா, டிராலி குடுத்தீயளே, அவியதான? ஏர்போர்ட்டுல நம்பர் வாங்குனேன். நான் முருகேசன் பேசுதேன், சோனாப்பூர் லேபர் கேம்ப்லேருந்து. திசையன்விளைக்காரன். ஒங்க பெட்டி மாறிப் போச்சும்மா."

"ஆமாண்ணே! ஆமாண்ணே!"

"பெட்டியத் தொறந்தா பட்டுச்சேலையும் வளையலும் கெடக்கு. ரூமே சிரிக்கி. எனக்கு எத்தன மாசம்னு கேக்கானுவ."

பின்னாலிருந்து ஒரு குரல்: "எண்ணே, புளிப்பு மாங்கா வேணுமான்னு கேளு!"

"சும்மா கெடங்கல! எம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஓவர்டைம் டியூட்டி. எங்க மெஸ்ஸு சமையக்காரன் செல்வம் கேம்ப் கேட்டுக்குக் கொண்டாந்து தருவான். காலைல வாங்க."

"வளையல் உடையலையே அண்ணே?"

"ஒடையல ஒடையல."

இரண்டு தடவை சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சோனாப்பூருக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் கருவாட்டுப் பெட்டி. காருக்குள் இவர் மூச்சே அதிகம் விடவில்லை. சுமதி அம்மாவிடமிருந்து மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால். என்னவென்று எடுப்பேன்? 'உங்க வளையல் ஆம்பளைங்க கேம்ப்பில் பத்திரமா இருக்கு' என்றா?

கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இவர் காரை நிறுத்தினார். "நான் இறங்க மாட்டேன். இந்தத் தடவை நீயே போய் க்ளெய்ம் பண்ணு. எங்கே, சொல்லிக் காட்டு?"

"இது என்னுது... குடுங்க."

"கேக்கல."

"இது என்னுது! குடுங்க!"

"ம்ம். போ."

லீவு நாள். கேட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஆட்கள். துவைத்த துணி காயப்போடுகிறவர்கள், முடி வெட்டிக்கொள்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். ஒரு பொம்பளை காரிலிருந்து இறங்கியதும் எல்லாத் தலையும் திரும்பிவிட்டது. காருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தபோதுதான் பார்த்தேன். கேட்டை ஒட்டி ஒருத்தர் நிற்கிறார். கையில் பால்பவுடர் பெட்டி. நீலக் கயிறு!

சுமதி முகம் நினைவுக்கு வந்தது. 'எங்கம்ம வளையல் எங்கக்கா?'

நேரே போனேன்.

"அது என்னுது! குடுங்க!"

என் குரலா அது? முடி வெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு எழுந்து நின்றார்.

பெட்டிக்காரர் மிரண்டுபோனார். "என்னங்க? இதுங்களா?"

"இதேதான்! குடுங்க!"

"இல்லீங்கம்மா, இது என்ற பொட்டி..."

"நீலக் கயிறு! பால்பவுடர் பெட்டி! எனக்குத் தெரியாதா?" கயிற்றைப் பிடித்துவிட்டேன். மக்களே, நான் கயிற்றைப் பிடித்துவிட்டேன்! பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த தைரியம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. நிறுத்தவே தெரியவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "நீங்க இவ்வளவு உறுதியாச் சொல்றீங்கன்னா... உங்களுதாத்தான் இருக்குமோ என்னமோங்க" என்று பிடியை விட்டார்.

ஐயோ! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் குரல் எனக்குத் தெரியுமே! இது என் குரல் ஆயிற்றே!

அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்ற டாக்ஸியைப் பார்த்தேன். டிக்கி திறந்திருந்தது. வழியனுப்ப வந்த நண்பர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர் புதுச்சட்டை போட்டிருந்தார். அதில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

"நீங்க... செல்வம்தானே?"

"இல்லீங்க. கந்தசாமிங்க. சேலத்துக்காரனுங்க. லீவுல ஊருக்குப் போறேனுங்க. அதுல எம் புள்ளைக்கு வாங்குன பொம்மை இருக்குதுங்க. அதாவது, நான் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேனுங்க."

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இறங்க மாட்டேன் என்ற மனிதர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

நான் கேட்ட மன்னிப்புக்கு அளவே இல்லை. கந்தசாமி அண்ணன்தான் என்னைத் தேற்றினார். "உடுங்கம்மா. ஏர்போர்ட்டுல யாராச்சும் கேட்டா இதே மாதிரி கத்திச் சொல்லோணும்னு நானும் தெரிஞ்சுக்கிட்டேனுங்க."

டாக்ஸி போன பிறகு உள்ளேயிருந்து இன்னொருத்தர் ஓடி வந்தார். ஒல்லியாக, இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வலது தோளில் பெட்டி. மூலையில் மஞ்சள் பொட்டு! எனக்கு உயிர் வந்தது.

"எக்கா, நான்தான் செல்வம். பெட்டி இந்தா. ஆனா ஒரு சின்ன விசயம்."

துண்டை அவிழ்த்தார்.

கையில் கண்ணாடி வளையல். சிவப்பும் பச்சையுமாக, ஒரு கை நிறைய.

"ராத்திரி ரூமுல ஒரு தமாசுக்கு..." என்று தலையைச் சொறிந்தார். அந்தக் கையாலேயே சொறிந்ததில் சலசலவென்று சத்தம் வந்தது. "முருகேசண்ணன வம்பிழுக்க நான் புள்ளத்தாச்சி மாதிரி உக்காந்தேன். பயலுவ சந்தனமெல்லாம் பூசுனானுவ. பூரி சுட்ட எண்ணெக் கையி, சர்ருன்னு ஏறிட்டு. இப்ப எறங்க மாட்டேங்கு. கையும் வீங்கிட்டு. ஒடச்சிரட்டா எக்கா?"

"உடைக்காதீங்க!" என்று நானும் இவரும் ஒரே குரலில் கத்தினோம். வளைகாப்புக்கு வந்த வளையலை, வளைகாப்பு அன்றைக்கே உடைப்பதா? சுமதி முகத்தில் எப்படி முழிப்பேன்?

வேறு வழியில்லை. கருவாட்டுப் பெட்டியைக் கேட்டில் ஒப்படைத்தோம். செல்வத்தைக் காரில் ஏற்றினோம்.

வழியெல்லாம் இவர் விசாரணை. "போடும்போது எத்தனை பேர் சாட்சி?"

"ரூமே சாட்சி சார்."

"கட்டாயப்படுத்திப் போட்டாங்களா, நீங்களாப் போட்டுக்கிட்டீங்களா?"

"நானாத்தான் சார்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று கேஸை மூடினார்.

வீட்டு வாசலில் கோலம், ஹால் முழுக்கப் பட்டுப்புடவை. நடு நாற்காலியில் தலை நிறையப் பூவோடு சுமதி. எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். நான் செல்வத்தின் கையைக் காட்டினேன்.

அடுத்த ஐந்து நிமிடம் ஹாலே சிரித்தது. சுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதடி, பிள்ளை இன்னைக்கே வந்துரப் போவுது!" என்று யாரோ அதட்டினார்கள். அதட்டியவர்களும் சிரித்தார்கள். செல்வம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்து நின்றார்.

பிறகு தேங்காய் எண்ணெய் வந்தது. பிளாஸ்டிக் பை வந்தது. கையில் பையை மாட்டி, எண்ணெய் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஒவ்வொன்றாக உருவினோம். சரியாக அந்த நேரத்தில் சுமதி அம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"வளையல் சத்தம் கேக்கே! போட்டாச்சா மக்ளே?"

"இல்லம்மா, கழத்துதோம்."

"கழத்துதியளா? ஐயோ, ஏன்? ஆருக்கு?"

"எம்மா, ஆ!" என்று செல்வம் அலறினார்.

"அங்க ஆம்பள ஆரு?"

அதற்குள் கடைசி வளையலும் வந்துவிட்டது. ஒன்றுகூட உடையவில்லை. கழுவி, துடைத்து, குங்குமம் தொட்டு, முதல் வளையலைச் சுமதி கையில் ஏற்றினோம். அவள் போனுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஆட்டினாள்.

"கேக்கா எம்மா?"

"கேக்கு மக்ளே" என்று அந்தப் பக்கமிருந்து வந்தபோது குரல் கரகரத்திருந்தது. ஹாலில் முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை.

செல்வம் ஐந்து வகைச் சாதத்தையும் ஒரு பிடி பிடித்தார். கிளம்பும்போது ரூமுக்கும் கட்டிக் கொடுத்தோம். வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுக்கிற வழக்கப்படி ஊரில் இருக்கிற செல்வத்தின் மகளுக்கும் சுமதி இரண்டு கொடுத்தாள். "கையில போட்டுராதீய" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் முருகேசண்ணன் போன்.

"யம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? சந்தோசம். ஆனா நெத்திலி கொஞ்சம் கொறச்சலா இருக்காப்ல தெரியி."

இவர் கையை நீட்டினார், போனைக் கொடு என்று. "ஊர்ல கட்டும்போது எடை போட்டீங்களான்னு கேளு" என்று கிசுகிசுத்தார்.

நான் கொடுக்கவில்லை. "புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுச் சாப்பிட்டுட்டா அண்ணே" என்றேன்.

"அட! இதுக்குப் போயி ஏன் தயங்குதீய? மொதல்லயே சொல்லியிருந்தா சாளையையும் குடுத்து விட்டிருப்பனே! அதிருக்கட்டும், எனக்குன்னு குடுத்து விட்ட புளிச்சோத்த செல்வம் பய வழியிலேயே தின்னுட்டாம்மா. அது என்னுதும்மா! அத மட்டும் நான் விடவே மாட்டேன்."

மறுநாள் அவருக்குத் தனியாகப் புளிச்சோறு போயிற்று.

எனக்கும் புத்தி வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஏர்போர்ட்டில் பெல்ட் பக்கத்தில்கூடப் போவதில்லை. எல்லாரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும் வரை ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் மிச்சம் சுற்றுவது எதுவோ, அதுதான் என்னுது.